மந்தும் சிமெண்டும்
(மலைநாட்டுச் சுற்றுலாவில் மரபுக் கட்டடக் கலையின் இடம்)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவி

மலையைக் காணவேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு இயற்கையானது. கோடை வெயிலில் வாடிய சமவெளி மக்கள் நம் நீலகிரியை நாடி வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். வருபவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். உண்ண உணவு வேண்டும். கண்டு களிக்கக் காட்சி வேண்டும். இவற்றைக் கொடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். அவற்றுள் ஒன்று என்னுடையது.

என் தந்தையார் கொத்தனார். தாயார் அவருடனேயே சித்தாளாக மணலும் கலவையும் சுமந்தவர். இருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். உதகையின் புதிய விடுதிகள் பலவற்றில் என் தந்தையார் வைத்த கல் இருக்கிறது. அந்தக் கூலியில்தான் நான் படிக்கிறேன். ஆகவே சுற்றுலாவைக் குறை கூறி எழுதும் உரிமை எனக்கு எளிதில் வந்துவிடாது என்பதை முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

‘மலைமக்களின் மரபுக் கட்டடக் கலை, மலையைக் கெடுக்காத சுற்றுலாவுக்கு எவ்வகையில் துணை செய்யும்?’ இதுவே இக்கட்டுரையின் வினா. இந்த வினா எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு சிமெண்டுச் சுவரிலிருந்து வந்தது.

வியர்த்த சுவர்

நான் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் என் தந்தையாருக்கு வேலை கிடைத்தது. விடுதிக்காரர் ஒரு படத்தைக் காட்டி, “இதைப் போல நான்கு கட்ட வேண்டும்” என்றார். படத்தில் இருந்தது தோடர் குடில். என் தந்தையார் கம்பிகளை வில்லாக வளைத்து நிறுத்தினார். அவற்றின் மேல் கோழிவலையைப் பரப்பிக் கலவை பூசினார். ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் மெல்லிய கோடுகளை இழுத்துவிட்டார். காய்ந்தபின் பழுப்பு வண்ணம் அடித்தார்கள். சற்றுத் தூரத்திலிருந்து பார்த்தால் புல்வேய்ந்த கூரை என்றே தோன்றும். விருந்தினர் குனிந்து போக விரும்பமாட்டார்கள் என்று ஆறடிக் கதவும், வெளிச்சத்துக்குக் கண்ணாடிச் சன்னலும் வைத்தார்கள். அந்த வேலையில் என் தந்தையாருக்குப் பெருமை. எனக்கும் பெருமைதான்.

முதற் பனிக்காலத்திலேயே அந்தச் சுவர்கள் உட்புறம் வியர்க்கத் தொடங்கின. காலையில் நீர் முத்து முத்தாக நிற்கும். ஒரு மாதத்தில் கரும்பூஞ்சாணம் படர்ந்தது. தங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். மின்சார ஹீட்டர் வைத்துப் பார்த்தார்கள். என் தந்தையார் இருமுறை கூலியின்றிப் போய் நீர்க்காப்புப் பூச்சுப் பூசி வந்தார். பயனில்லை. வேலை சரியில்லை என்று சொல்லி, பேசிய தொகையில் ஒரு பகுதியை விடுதிக்காரர் பிடித்துக்கொண்டார்.

அன்று இரவு என் தந்தையார் சொன்னது நினைவிருக்கிறது. “என் பூச்சுல தப்பில்ல அம்மிணி. ஆனா தப்பு எங்க இருக்குதுன்னுதான் தெரியல.”

அந்தத் தப்பு எங்கே என்பதை நான் அறிந்துகொள்ள இரண்டு ஆண்டுகள் ஆயின.

மெய்யான குடில்

இவ்வாண்டு எங்கள் துறையிலிருந்து உதகைக்கு அருகிலுள்ள ஒரு மந்துக்குக் களப்பயணம் சென்றோம். மந்து என்பது தோடர் குடியிருப்பு. எருமை மேய்ப்பையே வாழ்வாகக் கொண்டிருந்த இம்மக்கள் இன்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே உள்ளனர். இவர்களுடைய மொழி திராவிட மொழிகளுள் ஒன்று. ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இவர்களுடைய வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய பெருநூல் 1906-இல் வெளிவந்தது. அதன்பின் உலகெங்கும் உள்ள மானிடவியலாளர்கள் தோடரைப் பற்றிப் படிக்கின்றனர். ஆயினும் உதகையிலேயே பிறந்து வளர்ந்த நான், அன்றுவரை ஒரு மந்தின் அருகிற் சென்று நின்றதில்லை. வெட்கத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

மந்தில் பெரும்பாலான வீடுகள் ஓட்டு வீடுகளும் சிமெண்டு வீடுகளுமே. ஒரு குடில் மட்டும் பழைய முறைப்படி நின்றது. பீப்பாயை நெடுக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்தாற் போன்ற வடிவம். இத்தகைய குடில்கள் சுமார் பத்தடி உயரமும் பதினெட்டு அடி நீளமும் ஒன்பது அடி அகலமும் கொண்டவை. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்து நிறுத்தி, குறுக்கே கழிகளை வரிந்து கட்டி, அதன்மேல் புல் வேய்கிறார்கள். கூரையே இருபுறமும் தரைவரை இறங்கிச் சுவராகிவிடுகிறது. முன்னும் பின்னும் மட்டும் பலகை அல்லது கல்லாலான அடைப்பு. சன்னல் கிடையாது. வாயில் மூன்றடிதான், தவழ்ந்தே உள்ளே போகவேண்டும். தோடரின் கோயில் என்பது எருமைப் பாலைப் பேணும் பால்மனை. அதுவும் பெரும்பாலும் இதே வடிவத்தில்தான் அமைகிறது. அதனுள் பூசாரி தவிர வேறெவரும் நுழைவதில்லை.

இவ்வடிவம் வெறும் அழகுக்காக அமைந்ததன்று. வளைந்த கூரையில் மழைநீர் தங்குவதில்லை. மலைக்காற்று மோதாமல் வழுக்கிப் போய்விடுகிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சனவரி இரவுகளில் புல்வெளிகளில் உறைபனி படிகிறது. அத்தகைய இரவில் மூன்றடி வாயிலை அடைத்துவிட்டால் உள்ளிருக்கும் வெப்பம் வெளியேற வழி குறைவு. அடுப்புப் புகை புல்லிடுக்குகளின் வழியே மெல்லக் கசிந்து போகிறது. புகை ஏறிய பிரம்பையும் புல்லையும் பூச்சிகள் எளிதில் அரிப்பதில்லை.

இங்கேதான் என் தந்தையாரின் வினாவுக்கு விடை கிடைத்தது. தடித்து வேய்ந்த புல்லின் ஒவ்வொரு தாளுக்கும் இடையே காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. காங்கிரீட்டு, கூரைப்புல்லைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். எனவே வெளிக்குளிர் அப்படியே உட்சுவருக்கு வந்துவிடுகிறது. தங்குபவரின் மூச்சிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. இரண்டங்குலக் கலவையை எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் இது நடந்தே தீரும். தப்பு என் தந்தையாரின் பூச்சில் இல்லை. ஒரு கட்டடத்தின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உயிரான புல்லை விட்டுவிட்டதே தப்பு.

புல் எங்கே?

அப்படியானால் விடுதிக்காரர் மெய்யான புல்லையே வேய்ந்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் இந்தக் கேள்வியைத்தான் மந்திலிருந்த ஒரு முதியவளிடம் கேட்டேன். அவர் வெயிலில் அமர்ந்து, கறுப்பும் சிவப்பும் கொண்டு வெள்ளைத் துணியில் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். “பாட்டி, இந்தக் குடிலில் இப்போது யாராவது குடியிருக்கிறார்களா?” என்றேன்.

“குடியிருக்கலாம் அம்மா. கூரை மாத்தணுமே! அந்தப் புல்லுக்கு எங்கே போறது? முன்னெல்லாம் கீழே இறங்கினா சதுப்பு நெறைய இருக்கும். இப்ப அங்கே கேரட்டு.”

எங்கள் பேராசிரியர் அந்தப் புல்லின் பெயரைச் சொன்னார்: எரியோகிரைசிஸ் ரங்காச்சாரியை. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றி, 1921-இல் தென்னிந்தியப் புல்வகைகளைப் பற்றிக் கையேடு எழுதிய தாவரவியல் அறிஞர் ரங்காச்சாரியாரின் பெயரைத் தாங்கிய புல் அது. நீலகிரிக்கே உரியது, இங்குள்ள மலைச் சதுப்புகளில் வளர்வது. தோடரின் பால்மனைகளுக்கு இப்புல்லையே தேடி எடுத்து வேய்கிறார்கள். வேறு புல் அந்தப் புனிதத்துக்கு ஈடாகாது என்பது அவர்கள் கொள்கை.

இனி இந்தச் சதுப்புகளுக்கு நேர்ந்தது என்ன என்று பார்ப்போம். நீலகிரியின் இயற்கைத் தோற்றம், மடிப்புகளில் சோலைக் காடும் சரிவுகளில் புல்வெளியும் பள்ளங்களில் சதுப்பும் ஆகும். புல்வெளியும் சதுப்பும் பஞ்சு போல மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் இவற்றை வெறும் தரிசு என்று எண்ணினார்கள். 1843-ஆம் ஆண்டு தொடங்கித் தைல மரம் இங்கு நடப்பட்டது. விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும், பிற்காலத்தில் ரேயான் ஆலைகளுக்காகவும் தைல மரமும் சீகை மரமும் புல்வெளிகளின் மேல் பரவின. சதுப்புகள் வடிக்கப்பட்டு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கேரட்டும் விளையும் வயல்களாயின. சல்லிவன் காலத்தில் உருவாக்கப்பட்ட உதகை ஏரியேகூட ஒரு பகுதி தூர்ந்து, அவ்விடத்தில் இன்று பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் இருக்கின்றன.

ஆக, ஒரு தோடர் குடில் நிற்கவேண்டுமானால் ஒரு சதுப்பு வாழவேண்டும். பிரம்புக்கும் மூங்கிலுக்கும் காடு வாழவேண்டும். வளைக்கவும் வேயவும் தெரிந்த கைகள் வாழவேண்டும். கட்டடம் என்பது நிலத்தின் விளைச்சல். நெல்லைக் காக்க விரும்புபவன் வயலைக் காக்கவேண்டும் அல்லவா? மரபுக் கட்டடத்தைக் காக்க விரும்பும் சுற்றுலாவும், அக்கட்டடம் விளைந்த நிலத்தைக் காத்தே தீரவேண்டும். அதே சதுப்புதான் விருந்தினர் பருகும் நீரையும் தருகிறது. சிமெண்டுக் குடில் எத்தனை கட்டினாலும் ஒரு சொட்டு நீரும் ஊறப்போவதில்லை. மெய்யான குடில்கள் பத்து நிலைத்தால், அவற்றுக்கான சதுப்பும் நிலைத்தாக வேண்டும். மரபுக் கட்டடக் கலைக்கும் மலையைக் கெடுக்காத சுற்றுலாவுக்கும் உள்ள தொடர்பு இதுவென்றே நான் கருதுகிறேன்.

இது நடவாத கனவு அன்று. 1995 முதல் 2005 வரையான பத்தாண்டுகளில் ஏறத்தாழ நாற்பது குடில்கள் பழைய முறைப்படி புதிதாகக் கட்டப்பட்டன. பால்மனைகள் பலவும் புதுப்பிக்கப்பட்டன. வேயும் கலை தோடரிடம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஒரு சப்பானியச் சிற்றூர்

கூரைப்புல்லை நம்பிய ஊர்கள் வேறெங்கேனும் உண்டா என்று நம் நூலகத்தில் தேடினேன். சப்பான் நாட்டு மலைகளுக்கிடையே சிராகவா என்னும் ஊரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அங்குள்ள ஒகிமாச்சி என்ற சிற்றூரின் வீடுகள், வணக்கம் சொல்லக் கூப்பிய கைகளைப் போலச் செங்குத்தான புற்கூரை உடையவை. கடும்பனி கூரையில் தேங்காமல் சரிந்து விழுவதற்காகவே அந்த அமைப்பு. கூரைக்கு அடியிலுள்ள மாடங்களில் முற்காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள்.

சென்ற நூற்றாண்டின் நடுவில் அவ்வூர் வீடுகளும் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. 1971-இல் ஊரார் கூடி மூன்று உறுதிகளை எடுத்துக்கொண்டனர்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1976-இல் அவ்வூர் அரசின் பாதுகாப்பைப் பெற்றது. 1995-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு கூரையையும் பிரித்து மீண்டும் வேயவேண்டும். அப்போது ஊரார் நூறு, இருநூறு பேர் கூடிக் கைகொடுக்கிறார்கள். இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ என்பது அங்குள்ள முறை. நம் ஊர்களில் நாற்று நடவுக்கு மாற்றாள் போவதைப் போன்றது இது.

ஆனால் சிராகவா நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. புகழ் பெருகப் பெருக, சில நூறு பேரே வாழும் அவ்வூருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரத் தொடங்கினர். பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்தச் செய்தார்கள். பனிக்கால விளக்கு விழாவைக் காண 2019 முதல் முன்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. வீட்டைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. வருவோர் தொகைக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்பதை அவ்வூரார் பட்டு உணர்ந்தார்கள்.

நமக்கும் இந்த அறிவு வந்துகொண்டிருக்கிறது. 1993-இல் மலைநகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வந்தன. நீலகிரியில் கட்டடங்களின் உயரம் ஏழு மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் இம்மாவட்டத்தில் நிலச்சரிவுகள் ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவை வெட்டிக் கட்டுவதன் விலை என்ன என்பதை அந்த மழை காட்டியது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை உயர்நீதிமன்ற ஆணைப்படி தொடங்கியது. 2025 ஏப்ரல் முதல் சூன் வரை நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இவை எல்லாம் ‘செய்யாதே’ என்னும் விதிகள். இவை தேவை. ஆனால் ‘இதைச் செய்’ என்று சொல்லும் வழி ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் என் தந்தையாரைப் போன்றவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கே போவார்கள்?

பழைய சுவரும் புதிய வேலையும்

அந்த வழி நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. நம் கல்லூரி நிற்கும் குன்றுக்கே ஒரு கட்டடத்தின் பெயர்தான் வழங்குகிறது. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த சான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா, உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு. இரு நூற்றாண்டு மழையைத் தாங்கி அது இன்றும் நிற்கிறது. நாள்தோறும் அதைக் கடந்து வகுப்புக்குப் போகும் நாம் அதன் சுவரைத் தொட்டுப் பார்த்ததுண்டா? கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் சல்லிவன் 1819-இல் கட்டிய பெத்தக்கல் பங்களா பாழடைந்து கிடந்தது. அது செப்பனிடப்பட்டு இன்று நீலகிரி வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் வந்த மலை ரயில் 2005-இல் உலக மரபுச் சின்னம் ஆயிற்று. அதன் பழைய நிலையங்களைக் காண்பதற்கென்றே வருவோர் இருக்கிறார்கள். இவை மலைமக்களின் கட்டடங்கள் அல்ல. வந்தேறியவர்கள் தம் வசதிக்காகக் கட்டியவை. தோடர் மேய்ச்சல் நிலம் கைமாறிய கதையும் இவற்றின் அடியில் புதைந்திருக்கிறது. ஆயினும் நின்றுவிட்ட கட்டடத்தைச் செப்பனிட்டுப் பயன்படுத்தினால் புதிதாக ஒரு சரிவை வெட்டவேண்டியதில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. இமாசலப் பிரதேசத்தில் தேவதாரு மரச் சட்டங்களையும் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டும் மரபு இருக்கிறது. அதற்குக் காட்-குனி என்று பெயர். அம்முறையில் அமைந்த நக்கர் கோட்டை 1905-ஆம் ஆண்டின் கொடிய காங்கரா நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. 1978-இல் அதை அம்மாநிலச் சுற்றுலாத் துறை தங்கும் விடுதியாக மாற்றியது. மலைக்கு வருபவர் மலையின் கட்டடத்திலேயே தங்குகிறார். வாடகைப் பணம் அக்கட்டடத்தைப் பேண உதவுகிறது.

பழைய கட்டடத்தைப் பேணுவது ஒருநாள் வேலையன்று. சுண்ணாம்புச் சாந்து இடவும், கல்லிடுக்கு அடைக்கவும், மங்களூர் ஓடு மாற்றவும், மரச்சட்டம் செதுக்கவும் ஆண்டுதோறும் ஆள் வேண்டும். புதிய விடுதி ஒன்று கட்டி முடிந்தால் கொத்தனாருக்கு அங்கே வேலை முடிந்தது. பழைய கட்டடத்திலோ மழைதோறும் வேலை உண்டு. என் தந்தையாரிடம் இதைச் சொன்னபோது, “சுண்ணாம்பு வேலை எங்கப்பாரு காலத்தோட போச்சு கண்ணு. இப்ப ஆரு சொல்லித் தர்றாங்க?” என்றார். இக்கேள்வி மிக நியாயமானது.

நாம் செய்யக்கூடியவை

மாணவி ஒருத்தியின் சிறிய அறிவுக்கு எட்டியவற்றைப் பணிவுடன் கூறுகிறேன்.

முதலாவது, கூரைப்புல் வளரும் சதுப்புகளுள் எஞ்சியவற்றைக் கணக்கெடுத்துக் காக்கவேண்டும். அயல் மரங்கள் அகற்றப்படும் இடங்களில் நாட்டுப் புல்லை மீண்டும் வளர்க்கலாம். நம் துறை மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உலர்தாவரத் தொகுப்புக்காக நூற்றுக்கணக்கான செடிகளைப் பறித்து ஒட்டுகிறோம். பறிப்பதோடு நில்லாமல், கல்லூரி வளாகத்தில் ஒரு சிறு பாத்தியில் இந்நிலத்துப் புல்வகைகளை வளர்த்துப் பார்க்கலாம் அல்லவா?

இரண்டாவது, மந்துகளைப் பார்க்க யார் வரலாம், எப்போது வரலாம், என்ன கட்டணம் என்பவற்றை அம்மந்தின் மக்களே முடிவு செய்யவேண்டும். கட்டணம் அவர்களிடமே போய்ச் சேரவேண்டும். பால்மனை வழிபாட்டுக்கு உரியது, காட்சிக்கு உரியதன்று. நம் கோயிற் கருவறைக்குள் ஒருவன் செருப்புக் காலுடன் வந்து படம் எடுத்தால் நாம் பொறுப்போமா? பார்க்கக் கூடாததைப் பார்க்காமல் திரும்புவதும் ஒரு நல்ல சுற்றுலாப் பயணியின் பண்பே.

மூன்றாவது, நாம் களிப்பதற்காக மற்றவர் குனிந்து வாழவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. மந்தில் நான் கண்ட அதே முதியவள், “சிமெண்டு வீடு வேணும்னு கேட்டு வாங்கினது நாங்கதான். புள்ளைங்க படிக்க வெளிச்சம் வேணுமில்லே?” என்றும் சொன்னார். அவர் பேத்தி என்னைப் போலவே ஒருநாள் கல்லூரிக்கு வரலாம். அவளுக்குச் சன்னலும் விளக்கும் வேண்டும். மரபுக் குடிலை நிலைநிறுத்துவது அவர்கள் விரும்பி, அவர்களுக்கு ஊதியம் தரும் தொழிலாக இருக்கவேண்டுமே அன்றி, அவர்கள்மேல் சுமத்தும் கடமையாக இருத்தல் கூடாது.

நான்காவது, விடுதிகள் சிமெண்டில் போலிக் குடில் எழுப்புவதைக் கைவிடவேண்டும். அதே பணத்துக்குத் தோடர் கலைஞர்களையே அழைத்து, அவர்கள் இசைந்தால், அவர்கள் கையாலேயே ஒரு கூடத்தை வேயச் செய்யலாம். அதற்கு இசைவில்லையேல் விடுதி விடுதியாகவே இருக்கட்டும்; அதிலும் குற்றமில்லை.

ஐந்தாவது, கல், சுண்ணாம்பு, மரம், ஓடு ஆகியவற்றில் பழைய வேலை தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே, இளைய கொத்தனார்களுக்கு அவர்களைக் கொண்டு பயிற்சி தரவேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கு ஒரு வகுப்பு இருந்தால் போதும்.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு, என் தந்தையாருக்கு இதைப் படித்துக் காட்டினேன். சுவர் வியர்த்த காரணத்தைச் சொன்ன பகுதியை இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். “அப்ப என் பூச்சுல தப்பில்ல” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் நெடுநாளாகப் பார்த்ததில்லை. இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பில் நான் அவருக்குக் கொடுத்த முதற்பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். “கூரை வேயறவங்களுக்கும், பழைய செவுத்தைச் சரி பண்ணறவங்களுக்கும் நாள் கூலி எவ்வளவு குடுப்பாங்க அம்மிணி? புது லாட்ஜு வேலைக்குக் குடுக்கறதைவிடக் கொறவுன்னா ஆரு வருவாங்க?”

இதற்கு என்னிடம் விடை இல்லை. மரபு, பண்பாடு, சுற்றுச்சூழல் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். அவை அனைத்தும் கடைசியில் இந்த ஒரு வினாவில்தான் வந்து நிற்கின்றன. மலையைக் கெடுக்காத வேலைக்கு, மலையைக் கெடுக்கும் வேலையைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கிடைக்கும் நாளில் மந்தும் நிலைக்கும், சதுப்பும் நிலைக்கும், கல் பங்களாவின் சுவரும் நிலைக்கும். அந்த நாளைக் கொண்டுவரும் பொறுப்பு, படித்துப் பதவிகளுக்குப் போகவிருக்கும் நம் எல்லோருக்கும் உண்டு. தோழர்களே, தோழியரே, நம்முள் யாரேனும் ஒருவர் நாளை ஒரு கோப்பில் கையெழுத்திடும் இடத்தில் அமர்ந்தால், ஒரு கொத்தனார் கேட்ட இக்கேள்வியை நினைவில் கொள்ளுமாறு வேண்டி என் கட்டுரையை நிறைவு செய்கிறேன்.